ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. வங்கியோ "பரிவர்த்தனை வெற்றி" என்கிறது. இனி என்ன செய்வது?

பாளையங்கோட்டை மகள் | ஜூன் 22

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 74. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இம்மாதம் 3ஆம் தேதி காலை ஓய்வூதியப் பணத்தை எடுப்பதற்காகப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஓர் ஏடிஎம்முக்குச் சென்றார். அவருடைய கணக்கு ஒரு வங்கியில், அந்த இயந்திரம் வேறொரு வங்கியுடையது. 10,000 ரூபாய் கேட்டு ரகசிய எண்ணை அழுத்தியதும் உள்ளே நோட்டு எண்ணும் ஓசை கேட்டிருக்கிறது. ஆனால் பணம் வெளிவரும் வாய் திறக்கவில்லை, சீட்டும் வரவில்லை, திரை பழையபடி வரவேற்பு வாசகத்துக்குத் திரும்பிவிட்டது. அடுத்த நிமிடமே 10,000 ரூபாய் கழிக்கப்பட்டதாகக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது.

அன்றே தம்முடைய வங்கிக் கிளைக்குச் சென்று சொல்லியிருக்கிறார். "ஐந்து நாளில் தானாகவே திரும்பி வந்துவிடும், புகார் எழுத வேண்டியதில்லை" என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வராததால் 9ஆம் தேதி நானே தொலைபேசியில் புகார் பதிவு செய்து எண்ணையும் வாங்கினேன். 15ஆம் தேதி, "பரிவர்த்தனை வெற்றிகரமாக நிறைவுற்றதாகப் பதிவுகள் காட்டுவதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் செய்தி வந்தது. கிளையில் கேட்டால் இயந்திரம் வைத்திருக்கும் வங்கியிடம் போகச் சொல்கிறார்கள்; அங்கே போனால், அட்டை கொடுத்த வங்கியிடம்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். அப்பா மிகவும் மனம் நொந்திருக்கிறார். பணத்தைவிட, தாம் பொய் சொல்வதாக நினைத்துவிட்டார்களோ என்பதுதான் அவரை வருத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஓய்வுபெற்ற காசாளர் | ஜூன் 22

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நான் வங்கிப் பணியின் கடைசி சில ஆண்டுகளை ஏடிஎம் கணக்குகளை ஒப்புநோக்கும் பிரிவில் கழித்தவன். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், "வெற்றி" என்ற அந்தச் சொல்லைக் கண்டு தளர்ந்துவிட வேண்டாம். ஏடிஎம்மில் பணம் கேட்டதும் அந்தக் கோரிக்கை, தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ நடத்தும், வங்கிகளின் ஏடிஎம்களை ஒன்றோடொன்று இணைக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் வழியாக உங்கள் தந்தையின் வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி இருப்பைப் பார்த்துக் கணக்கில் கழித்துவிட்டு அனுமதி அனுப்பிய பிறகுதான் இயந்திரம் நோட்டை எண்ணத் தொடங்குகிறது. நோட்டு சிக்கிக்கொண்டாலோ வாய் திறக்காவிட்டாலோ, "பணம் தரப்படவில்லை, கழித்ததைத் திருப்பிவிடுங்கள்" என்று இயந்திரம் மறுசெய்தி அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் இணைப்பு அறுந்துவிட்டால் மறுசெய்தி போய்ச் சேராது. உங்கள் வங்கியின் கணினியில் அந்தப் பரிவர்த்தனை வெற்றியாகவே நின்றுவிடும். அந்தப் பதிவுக்கு நாங்கள் அனுமதித்தோம் என்பதுதான் பொருள்; நோட்டு ஒருவருடைய கைக்குப் போனதா என்பதை அது காட்டாது.

கைக்குப் போனதா என்பதைக் காட்டுபவை மூன்று. இயந்திரமே ஒவ்வோர் அசைவையும் எழுதிவைக்கும் மின்னணுக் குறிப்பேடு ஒன்று. வங்கிக்காரர்கள் அதை ஈஜே என்பார்கள். இரண்டாவது, பணம் நிரப்ப வரும் ஊழியர்கள் இயந்திரத்தைத் திறந்து எண்ணிக் கணக்குப் பார்க்கும் அறிக்கை. எண்ணப்பட்டும் வெளியே தரப்படாத நோட்டுகள் உள்ளே தனிப் பெட்டி ஒன்றில் விழுந்து கிடக்கும், ஆகையால் அன்றைய கணக்கில் 10,000 ரூபாய் மிகுதியாக இருக்கும். மூன்றாவது, கண்காணிப்புக் கேமராப் பதிவு. மூன்றும் இயந்திரத்துக்கு உரிய வங்கியின் கையில் இருப்பவை என்றாலும், அவற்றைக் கேட்டுப் பெற வேண்டியது உங்கள் வங்கியின் வேலை. நீங்கள் இரண்டு வங்கிகளுக்கும் நடையாய் நடக்க வேண்டியதே இல்லை. அட்டை கொடுத்த வங்கிதான் உங்களுக்குப் பொறுப்பு. அது இயந்திரத்துக்கு உரிய வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது பணத்தைத் திருப்பித் தரும்படி கோரிக்கை, எழுப்பும், மறுத்தால் வழக்கை மேலே கொண்டுபோகும். அது அவர்களுக்குள் உள்ள விவகாரம்.

விதிமுறையைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கை தெளிவாக இருக்கிறது. கணக்கில் கழிந்து ஏடிஎம்மில் பணம் வராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பித் தர வேண்டும். தவறினால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீட்டை, வாடிக்கையாளர் கேட்காமலேயே, கணக்கில் வரவு வைக்க வேண்டும். இது 2019 அக்டோபர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் தந்தைக்கு 8ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். 9ஆம் தேதி முதல் இன்று வரை 14 நாள், அதாவது இன்றைய நிலவரப்படி 1,400 ரூபாய் இழப்பீடு சேர்ந்திருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது, எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவருவது. கிளையில் வாய்வார்த்தையாகச் சொன்னது எங்கும் பதிவாகியிருக்காது. தந்தையின் கையொப்பத்துடன், வங்கியின் முதன்மைக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். அவருடைய முகவரி வங்கியின் இணையதளத்திலும் கிளை அறிவிப்புப் பலகையிலும் இருக்கும். தேதி, நேரம், தொகை, ஏடிஎம் இருந்த இடம், குறுஞ்செய்தியிலோ கணக்கு அறிக்கையிலோ உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண், பழைய புகார் எண் ஆகியவற்றை எழுதுங்கள். அட்டையின் முழு எண் வேண்டாம், கடைசி நான்கு இலக்கம் போதும். "மின்னணுக் குறிப்பேட்டின் நகல், அந்த நாளைய பண இருப்பு ஒப்புநோக்கு அறிக்கை, கேமராப் பதிவு ஆகியவற்றைப் பெற்று ஆராய்ந்து பதில் தர வேண்டும், கேமராப் பதிவு அழிந்துவிடாமல் பாதுகாக்கும்படி இப்போதே அந்த வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும்" என்று தனி வரியாகச் சேருங்கள். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும் என்பதால், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் ஒரு கேள்வியும் கேளுங்கள். புகாரை நிராகரிப்பதற்கு முன், வங்கிக்குள்ளேயே இருக்கும் உள் குறைதீர்ப்பாளரின் பார்வைக்கு அது அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். கிளைகள் பல கொண்ட வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் கடமை அது. பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. ஆகவே கேட்டவர்களின் கடிதத்துக்கு மரியாதை கூடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.


கூடல்நகர்வாசி | ஜூன் 23

ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். சென்ற ஆண்டு நான் 5,000 ரூபாய் கேட்டதில் 3,500 மட்டுமே வந்தது, கணக்கிலோ முழுவதும் கழிந்தது. பணம் குறைவாக வந்தாலும் அதே விதிதான் என்று தெரியாமல் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். நல்லவேளையாக, வெளியே வருவதற்கு முன் கேமராவின் முன்னாலேயே நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணியிருந்தேன். பிறகு அதுதான் கைகொடுத்தது என்று கிளை மேலாளரே சொன்னார். ஒன்பதாம் நாள் 1,500 ரூபாய் திரும்பியது. நான்கு நாள் தாமதத்துக்கான 400 ரூபாய் "தானாக" வரவில்லை, ஒரு மின்னஞ்சல் போட்ட பிறகே வந்தது.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பணம் குறைந்த பதற்றத்தில் அதே இயந்திரத்தில் உடனே மறுபடியும் 5,000 கேட்டேன், அது சரியாக வந்தது. பிறகு எது தோல்வி, எது வெற்றி என்று அவர்களுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். முதல் முறை கோளாறு காட்டிய இயந்திரத்தை அத்தோடு விட்டுவிடுவதே நல்லது. இயந்திரக் கோளாற்றால் தோல்வியடைந்த முயற்சியை மாதாந்தர இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று 2019 ஆகஸ்டிலேயே உத்தரவு இருக்கிறது. கட்டணம் பிடித்திருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.


வைகறை | ஜூன் 23

சகோதரி, உங்களைப் பயமுறுத்துவதற்காகக் கேட்கவில்லை: பணம் வெளிவரும் வாயில் ஏதாவது தகடோ பசையோ ஒட்டியிருந்ததா என்று அப்பாவிடம் கேட்டீர்களா? வாயை வெளியிலிருந்து அடைத்துவைத்து, பணம் வரவில்லை என்று மூத்தவர்கள் திரும்பிப் போன பிறகு நோட்டுகளை எடுத்துக்கொள்ளும் திருட்டு ஒன்று உண்டு. அப்படியானால் இயந்திரத்தின் பதிவு நோட்டு வெளியே வந்ததாகவே காட்டும் அல்லவா? அப்போது ஐயா சொன்ன மிகுதிப் பணமும் உள்ளே இருக்காதே.

ஏடிஎம் சுவரில் ஒட்டியிருக்கும் "உதவி எண்"களையும், இணையத்தில் தேடினால் முதலில் வரும் எண்களையும் நம்பி அழைக்க வேண்டாம். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண் மட்டுமே போதும்.


ஓய்வுபெற்ற காசாளர் | ஜூன் 23

வைகறை எழுப்பிய ஐயம் மிகச் சரியானது. நேற்று நான் அதை எழுதாமல் விட்டது என் குறை. அந்த நிலையில் மற்ற இரண்டு ஆவணங்களும் வாடிக்கையாளருக்கு எதிராகவே பேசும், கேமராப் பதிவு ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். அதனால்தான் அதைப் பாதுகாக்கச் சொல்வது முதல் வேலை. வாயில் ஏதேனும் ஒட்டியிருந்தது உறுதியானால் காவல்துறையிலும் புகார் கொடுத்து, அதன் நகலை வங்கிக் கடிதத்துடன் இணைத்துவிடுங்கள்.

வங்கிகள் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகின்றன என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2021 ஜூன் மாதம் சென்னையில் பணம் செலுத்தவும் எடுக்கவும் உதவும் இயந்திரங்களில், வட மாநிலத்திலிருந்து வந்த ஒரு கும்பல், நோட்டு வெளியே வந்ததும் எடுத்துக்கொண்டு, வாய் மூடாதபடி பிடித்துவைத்து, யாரும் எடுக்காததால் பணம் உள்ளே திரும்பிவிட்டது என்று இயந்திரத்தை நம்பவைத்து லட்சக்கணக்கில் கொள்ளையடித்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்காகப் போட்ட வலையில் ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர் சிக்குவதுதான் கொடுமை. உங்கள் தந்தையை யாரும் பொய்யர் என்று எண்ணவில்லை என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தப் புகாரை எந்த மனிதரும் படித்தே இருக்க மாட்டார். கணினித் திரையில் "வெற்றி" என்று இருந்ததைப் பார்த்து மூடியிருப்பார்கள்.

தாம் செய்யாத எடுப்பு ஒன்று கணக்கில் தெரிந்தால், அதற்கு வழியே வேறு. அதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கையில் வகுத்தது. அங்கே மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவிப்பது மிக முக்கியம், உடனே இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணிலும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே புகாரில் கலந்துவிடக் கூடாது.


பாளையங்கோட்டை மகள் | ஜூன் 24

மூவருக்கும் மிக்க நன்றி. வாயில் எதுவும் ஒட்டியிருந்ததாக அப்பாவுக்கு நினைவில்லை. கதவருகில் காவலர் ஒருவர் இருந்ததாகவும் சொல்கிறார். கடிதத்தை இன்று பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டேன். அவர்கள் இதற்கும் மறுத்துவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா, ரிசர்வ் வங்கிக்கு எழுதுவதா?


ஓய்வுபெற்ற காசாளர் | ஜூன் 24

முதலில் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்துக்கு எழுதுங்கள். வங்கி மறுத்துப் பதில் தந்தாலும், 30 நாட்களாகப் பதிலே தராவிட்டாலும் அங்கே போகலாம்; கட்டணம் கிடையாது. அவர்களுடைய புகார் இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம், அது இயலாதவர்கள் சண்டிகரில் உள்ள பொது மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். ஐயங்களுக்கு 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். தந்தை எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் அவருக்காக நீங்களே புகார் செய்யலாம். ஆனால் வழக்கறிஞர் மூலம் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். இதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தாலும் ஏற்க மாட்டார்கள் என்பதால், வரிசை மாறிப் போய்விடாதீர்கள்.


பாளையங்கோட்டை மகள் | ஜூலை 11

உதவிய அனைவருக்கும் ஒரு செய்தி. ஜூலை 9ஆம் தேதி 10,000 ரூபாயும் அப்பாவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இயந்திரத்துக்கு உரிய வங்கி, ஜூன் 5ஆம் தேதி பணம் நிரப்பியபோதே உள்ளே 10,000 ரூபாய் மிகுதியாக இருந்ததைக் கணக்கில் காட்டியிருப்பதாகப் பதில் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். ஐயா சொன்ன அந்தத் தனிப் பெட்டியில்தான் கிடந்திருக்கிறது. ஆக, பணம் தங்களிடமே இருப்பது தெரிந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் யாரும் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் காட்டியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

இழப்பீடாக 2,500 ரூபாய் வந்திருக்கிறது. நான் கணக்கிட்டால் ஜூன் 9 முதல் ஜூலை 9 வரை 31 நாள், 3,100 ரூபாய் வர வேண்டும். நான் புகார் பதிவு செய்த ஜூன் 9ஆம் தேதியிலிருந்து ஐந்து நாளை எண்ணியிருக்கிறார்கள் போலும். 600 ரூபாய்க்காக மறுபடியும் எழுதுவது சரியா?


ஓய்வுபெற்ற காசாளர் | ஜூலை 11

மிக்க மகிழ்ச்சி. உங்கள் கணக்குத்தான் சரி. 2011இல் வந்த பழைய விதியில், புகார் கிடைத்த நாளிலிருந்து ஏழு வேலை நாள் என்று எண்ணுவார்கள். அந்தப் பழக்கம் சில அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. 2019 சுற்றறிக்கை பரிவர்த்தனை நடந்த நாளையே தொடக்கமாக வைக்கிறது, அதுவும் நாட்காட்டி நாள். விடுமுறையைக் கழிக்கவும் இடமில்லை. கட்டாயம் எழுதுங்கள். பரிவர்த்தனை தேதி, வரவு வைத்த தேதி, வர வேண்டிய தொகை, வந்த தொகை என்று நான்கே வரி போதும். அதே அதிகாரிக்கு, அதே மின்னஞ்சலுக்கு மறுமொழியாக அனுப்பிவிடுங்கள்.


பாளையங்கோட்டை மகள் | ஜூலை 11

அப்பாவே எழுதுகிறேன் என்று தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் ஐயா. நான்கு வரி ஏற்கெனவே ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது.