கிடாய்க்குப் பாசிப் பொடி கொடுத்தவர்கள் சொல்லுங்கள்

வவுணதீவிலிருந்து:
போன கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் என் செம்மறி மறிகள் ஒன்றும் சினை பிடிக்கவில்லை. பதினேழு நாளுக்கு ஒருமுறை கிடாய் தேடித் திரும்பத் திரும்பக் கத்தின. கிடாய் இரண்டும் இளசு, பத்து மாதம். ஏறுகின்றன, இறங்குகின்றன, பலன் இல்லை. மருமகன் கொழும்பிலிருந்து ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடி கொண்டு வந்தான். மூடியைத் திறந்தால் வாவிக்கரைச் சேற்று மணம். தவிட்டில் கலந்து வைத்தேன். பெரியது ஒரு தும்மல் தும்மியதில் மூஞ்சியெல்லாம் பச்சை. மறுநாள் சர்க்கரைத் தண்ணீரில் தவிட்டைப் பிசைந்து ஒரு தேக்கரண்டி பொடி போட்டேன். சட்டியை நக்கித் துடைத்துவிட்டன.

மூன்று கிழமையில் மயிர் மினுங்கியது, சினை மட்டும் இல்லை. காசு போச்சு என்று மருமகனை ஏசினேன். மிருக வைத்தியர்தான் விளக்கினார்: கிடாய்க்கு விந்து உருவாகவே ஏறத்தாழ 7 கிழமை, முதிர்ந்து வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். விதைக்கொட்டை உடம்புச் சூட்டைவிடச் சில பாகை குளிராக இருக்க வேண்டும். கச்சானில் சூடேறிக் கெட்டதைப் பொடி திருத்தாது, புதிதாக ஊறும்வரை பொறுக்க வேண்டும். சரி என்று தகரக் கூரைமேல் கிடுகு வேய்ந்தேன், பூச்சி மருந்தும் கொடுத்தேன். மாரி தொடங்கியதும் ஏழு மறியில் ஐந்து சினை. பொடியா, கிடுகா, மழையா? நான் கிடுகு என்பேன். பொடியையும் நிறுத்தவில்லை.

திருக்கோவிலிலிருந்து:
அண்ணன், பாசிதானே என்று நான் குளத்தில் அள்ளிப் போட்டேன். கோடையில் பச்சைப் பெயின்ட் ஊற்றினது போல மிதக்குமே, அது. மறுநாளே ஒரு குட்டி கால் ஊன்ற மாட்டாமல் விழுந்தது. நல்ல காலம், பிழைத்தது. ஸ்பைருலினாவும் நீலப்பச்சைப் பாசிதான், ஆனால் குளத்தில் படர்வதில் ஈரலைத் தின்கிற நஞ்சுள்ள இனங்களும் உண்டாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. பாசி படர்ந்த துறையில் இப்போது தண்ணீர்கூடக் காட்டுவதில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:
நான் கொடுப்பது அசோலா. பாசி என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், உண்மையில் அது மிதக்கிற பன்னம். பாசி அதன் இலைக்குள்தான் குடியிருக்கிறது. சாணி மணம் போகக் கழுவாவிட்டால் ஆடு திரும்பியும் பார்க்காது. இன்னொன்று, மாட்டுக்கு விற்கிற தாதுப்பொடியைச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள். செம்பு கூடினால் தாங்காது. அது சரி, வவுணதீவு அண்ணன், மற்ற இரண்டு மறியும் என்னாச்சு?

வவுணதீவிலிருந்து:
ஒன்றை விற்றுவிட்டேன் தம்பி. மற்றது நேற்றும் கத்தியது.