ஹாங்காங் காட்டை வளர்த்தது குருவியா, நடவா?

கானகன்: "ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் விறகுக்காக வெட்டப்பட்டு, 1945இல் மொட்டையாகக் கிடந்த ஹாங்காங் மலைகளை, பழம் தின்று விதை பரப்பும் சின்னான் குருவிகளே காடாக்கிவிட்டன, மரம் நட்டது வீண்செலவு" என்று மலைத்தேன் நேற்று தீர்ப்பு வழங்கியிருக்கிறார். செம்மீசைச் சின்னான் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் அகலமுள்ள பழத்தைத்தான் முழுதாக விழுங்கும். ஓக் குடும்பத்துக் கொட்டைகளை அது எவ்வாறு சுமந்து செல்லும் என்பதை மட்டும் அவர் விளக்கட்டும்.

மலைத்தேன்: இளங்காடுகளில் இன்று ஓங்கி நிற்பவை மச்சிலஸ் என்னும் உள்ளூர் மரங்கள், அவற்றின் பழங்கள் சின்னானின் வாய்க்குள் அடங்குபவை. நட்டவர்கள் எதை நட்டார்கள்? தைவான் அகேசியாவையும், ஆஸ்திரேலிய பிரிஸ்பேன் பாக்ஸையும், அமெரிக்க ஸ்லாஷ் பைனையும் நட்டார்கள். அந்தத் தோட்டங்களில் உள்ளூர் மரங்களைப் புகுத்துவதற்கென்றே 2009இல் அரசு தனித் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது என்பதைக் கானகன் வசதியாக மறந்துவிட்டார்.

பொதிகையான்: நட்டு வளர்ந்த தோப்பையும் தானாக முளைத்த காட்டையும் இருவரும் ஒன்றாகவே எண்ணுகிறீர்களா? முதலில் அதைத் தெளிவுபடுத்தலாமே.

கானகன்: நான் கேட்டது ஓக் கொட்டையைப் பற்றி. மச்சிலஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மலைத்தேன்: கொட்டையைப் புதைத்துவைக்க எலிகள் இருக்கின்றன.

கானகன்: புதைப்பதைவிடத் தின்பதே மிகுதி. கிராமங்களுக்குப் பின்னே மரபாகக் காக்கப்பட்ட ஃபெங் சுயி தோப்புகளில் பெருவிதை மரங்கள் நிற்கின்றன. அருகிலுள்ள இளங்காட்டிலோ அவற்றின் கன்றுகள் அரிது. காட்டின் பரப்பு பெருகினால் இனங்களின் எண்ணிக்கையும் தானே பெருகும் என்று நம்புவது, பந்தலைப் போட்டுவிட்டுத் திருமணம் முடிந்ததாகச் சொல்வதற்குச் சமம்.

நீலமணி: தீயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முன்னோரை வழிபடும் சிங் மிங் திருநாளில் கல்லறைகளில் எரிக்கும் காகிதத்திலிருந்து நெருப்பு பரவி ஒரே சரிவு மீண்டும் மீண்டும் எரியுமானால், சின்னான் எத்தனை விதை போட்டாலும் அங்கே புல்தான் மிஞ்சும். 1926 முதல் நடவு நடந்த தாய் போ காவ் பகுதியில், நட்ட மரங்களின் நிழலில் எத்தனையோ உள்ளூர் இனங்கள் தாமாக முளைத்திருக்கின்றன. நடவே வீண் என்பவர் இதற்கு என்ன சொல்வார்?

மலைத்தேன்: விதை போட்டது பறவைதானே! கானகனுக்கு வால் போன்று வந்து நிற்பது நீலமணிக்குப் புதிதன்று.

நீலமணி: சென்ற ஆண்டு தவிட்டுக்குருவியின் படத்தைச் சின்னான் என்று பதிந்து மூன்று நாள் வாதாடியவர் பறவையைப் பற்றிப் பேசுவது வேடிக்கை.

மலைத்தேன்: அந்தப் படம் மங்கலானது என்று அன்றே எழுதினேன்.

கானகன்: படம் இருக்கட்டும். ஓக் கொட்டை?

மலைத்தேன்: அணில் இருக்கிறது. போதுமா?

கானகன்: அங்குள்ள பல்லாஸ் அணில் மனிதரால் கொண்டுவந்து விடப்பட்டது. ஆக, மனிதன் நட்ட மரம் வீண், மனிதன் விட்ட அணில் மட்டும் இயற்கையின் கொடை என்கிறீர்கள்.

மலைத்தேன்: நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அணில் இல்லாத சரிவுகளிலும் காடு வளர்ந்திருக்கிறது.

கானகன்: அந்தச் சரிவுகளில் ஓக் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.