ரோட்டுக்குப் பிளாஸ்டிக் சப்ளை: சரக்கு வரத்தை எப்படிச் சமாளிப்பது?

திருமங்கலத்தான்:
திருமங்கலத்தில் பழைய பொருள் கடை வைத்திருக்கிறோம். தார் ரோட்டுக்குப் பிளாஸ்டிக் அரைத்துக் கொடுக்கலாம் என்று எண்ணம். மெஷின் வாங்கிவிடலாம், சரக்குதான் பிரச்சினை: ஒரு வாரம் குடோன் நிரம்பி வழிகிறது, அடுத்த வாரம் ஒன்றுமில்லை, வருவதிலும் பாதி ஈரமும் மண்ணும். எப்படி முறைப்படுத்துவது?

தெற்குவாசல்:
அண்ணே, கணக்கை ரோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். நம்ம தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் சார் (2018இல் பத்மஸ்ரீ வாங்கினாரே) சொன்ன, சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் தூளைத் தூவித் தாரோடு கலக்கும் முறையில் ஒரு கிலோமீட்டர் ஒற்றைவழி ரோட்டுக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் போகும். கான்ட்ராக்டர் எந்த மாதம் எத்தனை கிலோமீட்டர் போடுகிறார் என்று கேட்டுவிட்டு அப்புறம் சேருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார் வேலை படுத்துவிடும், ஆனால் குப்பை வந்துகொண்டேதான் இருக்கும், அதை நனையாமல் அடுக்க இடம் இருக்கிறதா?

ஜல்லிக்காரன்:
இடத்தைவிட விலையைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விலை கொடுத்தால் மண்ணோடுதான் எடை போடுவார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கழுவிக் காயவைத்த பால் கவருக்குத் தனி விலை வையுங்கள். பிவிசி மட்டும் கலக்கவே கூடாது, ஜல்லியைச் சுமார் 160-170 டிகிரிக்குச் சூடாக்கித் தூளைத் தூவும்போது நச்சுவாயு வரும்.

திருமங்கலத்தான்:
சரி, அரைத்த பிறகு பிவிசியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜல்லிக்காரன்:
அரைப்பதற்கு முன்னாலேயே தண்ணீரில் முக்கிப் பாருங்கள். பாலிதீன் மிதக்கும், பிவிசி மூழ்கும். நன்றாகக் காயவைத்துவிட்டு மெஷினில் போடுங்கள்.