யூஎஸ்பி வழியாக வரும் வானொலி ஒலியின் அளவை எங்கே குறைப்பது?

கேள்வி (பனசங்கரி, பெங்களூரு)

வணக்கம். இரண்டு மாதங்களாக ஐகாம் ஐசி-7300 அமெச்சூர் வானொலியை ஒரே யூஎஸ்பி கேபிளால் விண்டோஸ் கணினியோடு இணைத்து, 7.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 (கணினி வழியே மெல்லிய சைகைகளையும் படிக்கும் டிஜிட்டல் முறை) கேட்டு வருகிறேன். பகலில் ஒரு குறையும் இல்லை. இரவு ஏழு மணிக்கு மேல் இந்த 40 மீட்டர் அலைவரிசையில் நிலையங்கள் நிரம்பியதும், எஃப்டி8-ஐப் படிக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் திரையின் கீழே இடப்பக்கம் உள்ள ஒலியளவுப் பட்டை உச்சிக்குப் போய்ச் சிவப்பாகிவிடுகிறது. அப்போது 600 ஹெர்ட்ஸில் பலமான நிலையம் ஒன்று வந்தால், 1200-லும் 1800-லும் அதன் நிழலைப்போல மங்கலான தடங்கள் வாட்டர்ஃபாலில் (சைகைகளை அதிர்வெண்வாரியாகக் காட்டும் ஓடும் படத்தில்) விழுகின்றன. வானொலியின் வால்யூம் குமிழை முழுவதும் குறைத்துப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. விண்டோஸின் ஒலிப்பதிவு அளவைக் குறைத்தபோது பட்டை இறங்கியது, ஆனால் நிழல் தடங்கள் அப்படியே இருக்கின்றன. சரியான இடம் எது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (மல்லேஸ்வரம்)

வணக்கம் ஓஎம் (நண்பரே). பட்டை இறங்கிய பிறகும் தடங்கள் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, தவறு எங்கே என்பதை அதுவே காட்டிவிடுகிறது. வானொலிக்கு உள்ளேயே இருக்கும் ஒலி அட்டையில் ஒலி அலை டிஜிட்டல் எண்களாக மாறும் இடத்தில் அதன் உச்சி வெட்டுப்பட்டுவிட்டால், அதற்கு அப்பால் விண்டோஸில் எவ்வளவு குறைத்தாலும், வெட்டுப்பட்ட அலை சிறியதாகுமே தவிர வெட்டு ஆறாது. ஆகையால் வானொலியில்தான் குறைக்க வேண்டும். வால்யூம் குமிழ் ஒலிபெருக்கிக்கு மட்டுமே. யூஎஸ்பிக்குப் போகும் ஒலிக்கு மெனுவின் கனெக்டர்ஸ் பகுதியில் தனி அளவு உண்டு. அதில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பாருங்கள்.

அதற்கு முன் விண்டோஸைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒலிப்பதிவுச் சாதனங்களில் யூஎஸ்பி ஆடியோ கோடெக்கைத் திறந்து, லெவல்ஸ் பக்கத்தில் எண்ணின்மீது வலது கிளிக் செய்தால் அளவை டெசிபலில் காட்டச் சொல்லலாம். அதை 0 டெசிபலில் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாதீர்கள். 0 டெசிபல் என்பது 100 அல்ல. அது எந்த எண்ணில் வரும் என்பது கருவிக்குக் கருவி மாறும். மாதிரி வீதம் 48000 ஹெர்ட்ஸ், 16 பிட். ஒலி மேம்பாட்டு வசதிகள் ஏதும் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

இவை முடிந்தபின், நிலையங்கள் இல்லாமல் இரைச்சல் மட்டும் கேட்கும் அலைவரிசையில், பட்டை ஏறத்தாழ 30 டெசிபல் காட்டும்வரை வானொலியின் யூஎஸ்பி அளவை மாற்றுங்கள். ஆன்டெனாவைக் கழற்றினால் பட்டை தெளிவாக இறங்க வேண்டும். அது இறங்குகிறதென்றால் காற்றிலிருந்து வரும் இரைச்சல் ஒலி அட்டையின் சொந்த இரைச்சலைவிட மேலே இருக்கிறது என்று பொருள். மெல்லிய நிலையங்கள் தவறிப்போகும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

பதில் 2 (கே.ஆர். புரம்)

மேலே சொன்னது முழுவதும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நிழல் தடம் எப்போதும் நம் தவறாகவே இருக்கும் என்பதில்லை. எஃப்டி8 சைகை 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் எட்டுத் தொனிகளைக் கொண்டது, மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ். இருமடங்கில் விழும் நிழலில் அந்த இடைவெளியும் இருமடங்காகி, தடம் 100 ஹெர்ட்ஸ் அகலத்தில் தெரியும். பலமான நிலையங்கள் எல்லாவற்றுக்கும் இப்படி வந்தால் நம் அளவுதான் காரணம். அதே பலமுள்ள மற்றவை சுத்தமாக இருக்க, ஒன்றுக்கு மட்டும் வந்தால், அனுப்புகிறவர் தம் வானொலிக்குள் ஒலியை மிகையாகச் செலுத்துகிறார் என்று கொள்ளலாம்.

என்னுடைய பழைய வானொலியில் யூஎஸ்பி கிடையாது. எஸ்.பி. ரோட்டில் ஒரு சிறிய யூஎஸ்பி ஒலி அட்டை வாங்கி மைக் துளையில் இணைத்தேன். பட்டை எந்நேரமும் சிவப்பு. 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் மின்தடைகளால் ஒரு பிரிப்பான் செய்து ஒலியை ஏறத்தாழ 20 டெசிபல் குறைத்தேன். மைக் துளையில் வரும் சிறு மின்னழுத்தம் வானொலிப் பக்கம் போகாதிருக்க ஒரு மின்தேக்கியும் வைத்தேன். அப்படியும் இரைச்சல் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. லினக்ஸில் ஒலியளவுகளை மாற்றும் அல்சாமிக்ஸரைத் திறந்து, எஃப்6 அழுத்தி அந்த அட்டையைத் தேர்ந்தபோது, ஒலியளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் ‘ஆட்டோ கெயின் கன்ட்ரோல்’ இயங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. எம் விசையால் அதை அணைத்ததும் வாட்டர்ஃபாலின் பின்புலம் ஒரே சீராகிவிட்டது. இப்படிப்பட்ட அட்டை வைத்திருப்பவர்கள் அதை முதலில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மெனுவில் யூஎஸ்பி அளவு 100 சதவீதத்தில் இருந்தது. தொடக்கத்தில் ஒலி குறைவாகத் தோன்றியதால் நானே ஏற்றிவைத்து மறந்திருக்கிறேன். விண்டோஸை 0 டெசிபலில் நிறுத்திவிட்டு, வானொலியில் படிப்படியாகக் குறைத்து வந்தேன். இரைச்சல் மட்டும் இருக்கும்போது பட்டை இப்போது 32 காட்டுகிறது, ஆன்டெனாவைக் கழற்றினால் 14. நேற்றிரவு எட்டரை மணிக்கு 40 மீட்டர் நிரம்பி வழிந்தபோதும் 60-ஐத் தாண்டவில்லை. 1200-இலும் 1800-இலும் ஒன்றும் தெரியவில்லை. 73 (வாழ்த்துகள்).