நொய்யல் நீர்ப்பிடிப்புப் பரப்பு: மைனஸ் எண் வருது, அவசர உதவி

மூணாமாண்டு_சிவில்:
ஓரத்துப்பாளையம் அணைக்கு எவ்வளவு நிலத்துத் தண்ணி வந்து சேருதுன்னு டிஈஎம் (கட்டம் கட்டமா நில உயரம் சொல்ற படம்) வச்சு எடுக்கணும். அக்குமுலேஷன்ல (ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து எத்தனை கட்டத்துத் தண்ணி வருதுங்கிற கணக்கு) ஆத்தோட தடம் அழகா வருது, ஆனா ஆத்துமேல மதிப்பெல்லாம் மைனஸ். பரப்பும் ரொம்பக் கம்மி. எத்தனை தடவை ஓட்டினாலும் அதேதான். நாளைக்கு ரெவியூ, சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

சிற்றோடை:
எந்த மென்பொருள்? எந்த டிஈஎம்? ப்ரொஜெக்ஷன் (உருண்டை பூமியைத் தட்டையாக்குற முறை) என்ன? பரப்பு கம்மின்னா எவ்வளவு?

பள்ளமடை:
அவுட்லெட் புள்ளி (தண்ணி வந்து சேர்ற இடம், இங்க அணை) ஆத்துமேல உக்காரலைங்க. ஒரு பிக்சல் தள்ளி வச்சாலும் பக்கத்து வயக்காட்டை மட்டும் எடுத்துக்கும். பெரிசாக்கிப் பார்த்து, கருப்புக் கோட்டுக்கு நடுவுல வைங்க.

மூணாமாண்டு_சிவில்:
வச்சுப் பார்த்தேன் அண்ணா, ஆத்துமேலதான் இருக்கு. க்யூஜிஐஎஸ், 30 மீட்டர் டிஈஎம்.

சிற்றோடை:
தம்பி, 30 மீட்டர் டிஈஎம்லயே எஸ்ஆர்டிஎம் இருக்கு, கோப்பர்நிக்கஸ் இருக்கு, இஸ்ரோவோட கார்ட்டோடெம் இருக்கு. க்யூஜிஐஎஸ்லயும் உள்ள ஓடுற கருவி கிராஸா, சாகாவா?

மூணாமாண்டு_சிவில்:
எஸ்ஆர்டிஎம். கிராஸ், அதுல ஆர்.வாட்டர்ஷெட் கட்டளை. பரப்பு 1000 ச.கி.மீ. பக்கம் வருது.

மேடுபள்ளம்:
எஸ்ஆர்டிஎம்மை விட்டுத்தள்ளுங்க. ஆலோஸ் பால்சார் (ஜப்பான் ராடார் செயற்கைக்கோள்) டிஈஎம் 12.5 மீட்டர்ல இலவசமா கிடைக்குது. நான் எல்லாத்துக்கும் அதான்.

அளவர்:
அந்த 12.5 மீட்டர் உயரத் தரவு பெரும்பாலான இடங்கள்ல 30 மீட்டர் எஸ்ஆர்டிஎம்மையே மறுபடி கூறு போட்டது. ராடார் படத்தைத் திருத்துறதுக்காகச் சேர்த்துக் கொடுத்தாங்க. உயரமும் கடல் மட்டத்துல இருந்து இல்ல, எலிப்சாய்டுல (பூமிக்குக் கணக்குல வச்ச வழவழப்பான உருவம்) இருந்து அளந்தது. இதை எத்தனை இழையில எழுதுறது? பதில் சொல்ல வர்றவங்க தரவோட கையேட்டை ஒருதரம் திறந்து பார்த்துட்டு வரலாம்.

மேடுபள்ளம்:
சரிங்க ஐயா. தம்பியோட மைனஸுக்கு உங்க கையேடு என்ன சொல்லுது?

கோட்டுப்பித்தன்:
ப்ரொஜெக்ஷன்தான் காரணம். டிகிரியில ஓட்டியிருப்பார். யூடிஎம் 44க்கு (மீட்டர்ல அளக்குற வரைபட மண்டலம்) மாத்துங்க.

சிற்றோடை:
44 இல்ல, 43. 78 டிகிரிக்கு மேற்கே எல்லாம் 43தான், கோவை திருப்பூர் ரெண்டும் அதுக்குள்ள. சென்னைக்காரங்க எழுதின பாடத்தைப் பார்த்து ஊர் முழுக்க 44 போடுறாங்க. ஆனா இங்க அது காரணம் இல்லை. டிகிரியில ஓட்டிட்டு பிக்சலுக்கு 900 ச.மீ.ன்னு பெருக்கினா நம்ம அட்சரேகையில ஒரு 4 சதவீதம் பிசகும், அவ்வளவுதான். நொய்யல் வடிநிலம் மொத்தம் 3500 ச.கி.மீ. பக்கம். அதுல அணைக்கு மேல உள்ள பங்கு, 4 சதவீதப் பிசகுல 1000ஆக் குறைய வாய்ப்பே இல்லை.

பள்ளமடை:
ஆர்.வாட்டர்ஷெட்ல '-a'ன்னு ஒரு கொடி (கூடுதல் தேர்வு) இருக்குங்க. அதைப் போட்டா எல்லாம் பிளஸ் ஆயிரும்.

அளவர்:
ஆகும். காய்ச்சக்காரனோட தெர்மாமீட்டரை உதறி வச்ச மாதிரி. அந்த மைனஸ் பிழை இல்லை, எச்சரிக்கை. இந்தப் புள்ளிக்கு, படத்துக்கு வெளியே இருந்தும் தண்ணி வருது, நான் சொல்ற எண் நிஜத்தைவிடக் குறைவுன்னு கிராஸ் சொல்லுது. டிஈஎம்மை மாவட்ட எல்லையில வெட்டினீங்களா?

மூணாமாண்டு_சிவில்:
வெட்டல சார். என்11ஈ077 டைல் (ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி துண்டு) அப்படியே போட்டேன். திருப்பூரும் அணையும் அதுலதானே வருது?

சிற்றோடை:
அட, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! டைல் பேர் தென்மேற்கு மூலையைக் குறிக்குது. உங்க படம் 11 டிகிரிக்கு வடக்கே, 77க்குக் கிழக்கே மட்டும். நாலு டைல் கூடுற முக்கு சிங்காநல்லூர் பக்கம் விழுது. வெள்ளியங்கிரி, பேரூர், கோவை நகரம், ஆறு பொறக்கிற இடமே உங்க படத்துல இல்லை. என்10ஈ076, என்10ஈ077, என்11ஈ076 மூணையும் இறக்கி, நாலையும் மெர்ஜ் பண்ணி, 43க்கு மாத்தி ஓட்டுங்க. கிராஸ் ரீஜன் (கணக்குப் போடுற எல்லை) பழைய டைல் அளவுலயே நிக்கும், அதையும் மாத்தணும். ஓரங்கள்ல அப்பவும் மைனஸ் இருக்கும். நொய்யலுக்குள்ள இல்லைன்னா கவலை வேண்டாம்.

கோட்டுப்பித்தன்:
மறக்காம ஃபில் சிங்க்ஸ் (டிஈஎம்ல உள்ள பள்ளங்களை நிரப்புறது) பண்ணிட்டு ஓட்டுங்க.

சிற்றோடை:
ஆர்.வாட்டர்ஷெட்டுக்கு அது வேண்டியதில்லை, பள்ளத்தைத் தாண்டுற வழியை அதுவே தேடிக்கும். நிரப்பினா சூலூர் குளம் தட்டையாகி, அதுமேல ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி கோடு ஓடும்.

வாய்க்கால்_வரப்பு:
குளத்தைப் பள்ளம்னு நினைக்கிற மென்பொருளை வச்சு நொய்யலை எப்படிங்க அளப்பீங்க? சித்திரைச்சாவடியில மறிச்ச தண்ணி ராஜவாய்க்கால்ல போய்தான் கிருஷ்ணாம்பதியும் செல்வாம்பதியும் நிறையுது. அந்த வாய்க்கால் உங்க 30 மீட்டர் கட்டத்துல தெரியுமா?

அளவர்:
தெரியாது, தெரியவும் வேண்டாம். குளம் வழிஞ்சு மறுபடி நொய்யலுக்குத்தான் வருது. அணைக்கு மேல உள்ள பரப்பு மாறாது.

வாய்க்கால்_வரப்பு:
பரப்பு மாறாது, தண்ணி மாறும். கோவை குடிக்கிறது சிறுவாணியும் பில்லூரும், ரெண்டும் பவானி வடிநிலம். குடிச்ச மிச்சம் சாக்கடையா நொய்யல்ல இறங்குது. பல்லடம் பக்கம் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் பாயுது. கோடையில ஓரத்துப்பாளையத்துக்கு வர்றதுல மழைத்தண்ணி எவ்வளவுன்னு எந்த டிஈஎம் சொல்லும்?

அளவர்:
இழையோட கேள்வி அது இல்லை.

வாய்க்கால்_வரப்பு:
முதல் வரியைப் படிங்க. 'தண்ணி வந்து சேருது'ன்னுதான் கேட்டிருக்காப்ல.

மூணாமாண்டு_சிவில்:
நாலும் சேர்த்தாச்சு. ஆத்துல மைனஸ் போயிருச்சு, பரப்பும் ஏறிருச்சு. நன்றி அண்ணா. ரெவியூக்குக் கிளம்புறேன்.

சிற்றோடை:
எவ்வளவு வந்துச்சுன்னு போடுங்க, அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்.

மேடுபள்ளம்:
தம்பி போயாச்சு. ஆலோஸ் பத்தி ஒரு சந்தேகம்: மலையிலயும் அது எஸ்ஆர்டிஎம்தானா?

அளவர்:
கையேடு.