நாய் ஓயாமல் பாதத்தை நக்கிக் கடிக்கிறது, என்ன காரணமாக இருக்கும்?

மணிக்காது:
எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. கொஞ்ச நாளாகவே பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு இன்னும் அதிகம். சில நேரம் நக்குவதோடு நிற்காமல் முன்பல்லால் விரலிடுக்கைக் கொறிக்கிறது. வெளிர் மஞ்சள் முடி பாதத்தில் மட்டும் துருப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நொண்டல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது. வீட்டில் "அதுக்குப் போரடிக்குது, அவ்வளவுதான்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எதைப் பார்க்க வேண்டும்?

கருவாலன்:
போரடித்தாலும் நக்கும், அது உண்மை. எங்கள் நாய் தனியாக விட்டால் நக்க ஆரம்பிக்கும், நடை நேரத்தைக் கூட்டி, மோப்பம் பிடித்துத் தேடுகிற விளையாட்டு கொடுத்ததில் நின்றுவிட்டது. முதலில் அதை முயன்று பாருங்களேன்.

ஈரமூக்கு:
நான் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்கிறேன், மருத்துவர் இல்லை. கருவாலன் சொன்னது நடக்கக்கூடியதுதான், ஆனால் சலிப்பு, பதற்றம் என்பதெல்லாம் மற்ற காரணங்கள் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு கடைசியாக வர வேண்டிய முடிவு. நடந்து வந்ததும் இரண்டு நக்கு நக்கிவிட்டுப் படுப்பது சுத்தம் செய்துகொள்வது, அதற்குக் கவலை வேண்டாம். தூக்கத்திலிருந்து எழுந்து கடிக்கிறது என்றால் அரிப்போ வலியோ இருக்கிறது.

நான் முதலில் கேட்பது, ஒரு காலா, பல காலா? ஒரே பாதத்தை மட்டும் விடாமல் நக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது: முள், புல்லின் கூரான விதை, பிளந்த நகம், விரலிடுக்கில் ஒட்டிய உண்ணி, சூட்டுக்காயம், கட்டி. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலையும் விரித்து, மேல்பக்கம் மட்டுமல்ல, அடிமெத்தைகளுக்கு நடுவிலும் பாருங்கள். புல் விதை தோலுக்குள் நுழைந்துவிட்டால் வெளியே சின்ன வீக்கம் மட்டும்தான் தெரியும், உள்ளே நகர்ந்துகொண்டே போகும். வயதான நாய் பாதத்துக்கு மேலே மணிக்கட்டையே நக்கினால் மூட்டுவலியையும் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு முன்னங்கால், அல்லது நான்குமே என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சி, மகரந்தம், பூஞ்சை வித்து இவற்றால் வரும் தோல் ஒவ்வாமை பொதுவாக 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள்தான் தலைகாட்டும், உங்கள் நாயின் வயது சரியாக அதற்குள் வருகிறது. அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, எச்சிலில் உள்ள போர்ஃபைரின் என்ற நிறமி. அப்படியானால் நீங்கள் பார்க்காத நேரத்திலும் நிறைய நக்குகிறது என்று அர்த்தம். காதையும் பாருங்கள், வயிறு, அக்குள் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மணிக்காது:
இப்போதுதான் பார்த்தேன். இரண்டு முன்னங்காலும். விரலிடுக்கு சிவந்து, பிசுபிசுப்பாக, ஒரு புளித்த வாடை. காதை அடிக்கடி உதறுகிறது, அதை நான் இதோடு சேர்த்தே நினைக்கவில்லை. வீட்டில் எங்களுக்குப் போட்டுக்கொள்ளும் அரிப்பு களிம்பு இருக்கிறது, தடவலாமா?

ஈரமூக்கு:
தயவுசெய்து வேண்டாம். தடவியதை அடுத்த நிமிடமே நக்கி விழுங்கும். மனிதருக்கான களிம்புகளில் துத்தநாகமும் வீரியமான ஸ்டீராய்டும் இருக்கலாம், வயிற்றுக்குள் போனால் கெடுதல். டீ ட்ரீ எண்ணெயும் நாய்க்கு விஷம். வலிக்கு என்று இபுப்ரோஃபென் கொடுத்துவிடாதீர்கள்.

வாடையும் பிசுபிசுப்பும் சேர்ந்து வந்தால் ஈஸ்ட் என்ற பூஞ்சையின் தொற்று ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அரிப்பால் நக்குகிறது, ஈரத்தில் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருகுகின்றன, அதனால் அரிப்பு கூடுகிறது, மறுபடி நக்குகிறது. தொற்றுக்கு மருந்து கொடுத்தால் சில நாளில் ஆறும், ஆனால் அடியில் இருக்கிற ஒவ்வாமையை விட்டுவிட்டால் திரும்ப வரும். பலர் இங்கேதான் நொந்துபோகிறார்கள், "மருந்து வேலை செய்யவில்லை" என்று மருத்துவரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மருத்துவர் ஒட்டுநாடாவால் விரலிடுக்கில் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார், வலிக்காது, சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் போகும் முன் பாதத்தைக் கழுவாதீர்கள். அதுவரை பாதத்தை நக்க விடாமல் தடுக்கிற மிருதுவான கழுத்துக் கூம்பு போட்டுவிடுங்கள். நக்கும்போது அதட்ட வேண்டாம், அரிக்கிற உடம்பை அதட்டி என்ன பயன், பயந்து ஒளிந்துகொண்டு நக்கும்.

சாம்பல்வால்:
உணவு ஒவ்வாமையும் இதே மாதிரிதான் தெரியும், எங்களுக்கு அதுதான். கோழி, மாட்டிறைச்சி, பால் பொருட்கள் அடிக்கடி காரணமாகின்றன, அதுவும் வருடக்கணக்காகச் சாப்பிட்டுவந்த உணவே திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரத்தப் பரிசோதனையை நம்பி முடிவு செய்ய முடியாது. உணவுச் சோதனைதான் வழி: இதுவரை தின்னாத ஒரே இறைச்சி, இல்லையென்றால் புரதம் சிதைக்கப்பட்ட மருத்துவ உணவு, குறைந்தது 8 வாரம், இடையில் வேறு எதுவும் கூடாது. பிஸ்கட் துண்டு, இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரை, குழந்தை கீழே சிந்துவது எல்லாமே கணக்கில் வரும். அரிப்பு குறைந்த பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, மறுபடி அரித்தால்தான் உறுதி. பலர் அந்தக் கடைசிப் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

ஈரமூக்கு:
ஆமாம், ஆனால் முதலில் தொற்று, அதோடு தெள்ளுப்பூச்சி, உண்ணிக்கான மருந்து, அப்புறம்தான் உணவுச் சோதனை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. மருத்துவரைப் பார்த்த பிறகு, வெளியே போய்வந்ததும் வெறும் தண்ணீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள். காயவைப்பதுதான் முக்கியம், ஈரத்தோடு விட்டால் கழுவாமல் இருந்ததே மேல்.

மணிக்காது:
நாளைக் காலையில் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். கழுவவில்லை. ராத்திரி நக்குவதைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருக்கிறேன், காதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.