நெல் ஜீன் பட்டியல், ஜீன் ஆன்டாலஜி: கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். வறட்சியில் வளர்த்த நெல் இலைகளின் ஆர்என்ஏ-சீக் (எந்த ஜீன் எவ்வளவு செயல்படுகிறது என்று அளக்கும் முறை) தரவு கையில் இருக்கிறது. வறட்சியால் செயல்படும் அளவு மாறிய ஜீன்கள் சுமார் 900. அவை என்ன வேலை செய்கின்றன என்று, ஜீன்களின் வேலைகளை வகைப்படுத்தித் தரும் ஜீன் ஆன்டாலஜியில் பார்க்கப் போய் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதல் சிக்கல் அடையாள எண்கள். நெல் ஜீன்களுக்கு எம்எஸ்யூ, ராப் என்று இரண்டு எண் முறைகள் உண்டு. என் பட்டியல் எம்எஸ்யூ முறையில் இருக்கிறது. நான் பயன்படுத்தும் கருவியோ ராப் எண்களைத்தான் கேட்கிறது. ராப்-டிபி தளத்தின் மாற்று அட்டவணையைப் போட்டுப் பார்த்தேன். ஒரே எம்எஸ்யூ எண்ணுக்கு இரண்டு ராப் எண்கள் வருகின்றன, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. இரண்டையும் வைத்துக்கொள்வதா, ஒன்றை விடுவதா?

அப்புறம் ஆதாரக் குறியீடு, அதாவது ஒரு ஜீனின் வேலை எப்படித் தெரியவந்தது என்று காட்டும் குறி. ஐஇஏ என்றால் ஆய்வகச் சோதனை இல்லை, கணினி ஊகித்த குறிப்பு. அதை நீக்கினால் பட்டியலில் பாதிக்கு மேல் காலி. 1998-இல் பழ ஈ, சுண்டெலி, ஈஸ்ட் தரவுத்தளங்கள் சேர்ந்து தொடங்கிய திட்டம்தான் ஜீன் ஆன்டாலஜி. அதனால் நெல்லுக்குச் சோதனைக் குறிப்புகள் குறைவாக இருப்பது புரிகிறது. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் இதை எப்படி நியாயப்படுத்துவது?

பின்னணித் தொகுப்பாக (என் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கும் ஜீன்கள்) மொத்த மரபணுத்தொகுதியையும் கொடுத்தால் "ஒளிச்சேர்க்கை" முதலிடத்தில் வருகிறது. இலை மாதிரி, வேறென்ன வரும்! இலையில் வெளிப்படும் (செயல்படும்) ஜீன்களை மட்டும் கொடுப்பதே சரி என்று நினைக்கிறேன். வெளிப்பாடு எந்த அளவுக்குக் குறைந்தால் ஜீனை வெட்டுகிறீர்கள்?

நெல்லில் இதைச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆர் (R) மொழியில் நிரல் எழுதத் தெரியும், அதனால் ஸ்கிரிப்ட் தந்தாலும் போதும்.